அடிச்சது நாந்தான்

முதல் தடவை நான் பார்த்தபோது, அவள் ஒரு ஆளின் சட்டைக் காலரைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்துகொண்டிருந்தாள். அவனுடைய புருவம் பிளந்து, ரத்தம் கண்ணை மூடி, தாடை வழியாகச் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பஞ்சை எடுத்துக்கொண்டு, "எங்க விழுந்தாரு?" என்று கேட்டேன். எங்கள் கிளினிக்குக்கு அடிபட்டு வருகிற எல்லோரும் எங்கேயாவது விழுந்தவர்கள்தான். படியில், படகில், பைக்கில்.

"விழல சிஸ்டர். நான் அடிச்சேன். தையல் போடுங்க," என்றாள்.

அவன் அவளுடைய கொழுந்தன். குடித்துவிட்டு வந்து அவள் மகளை ஏதோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை. ஊசி இறங்கும்போது அவன் துள்ளினான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுக்கி, "அசையாத. இன்னும் கொஞ்சந்தான்," என்றாள். அடித்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவன் தையல் போட்டுக்கொண்டான்.

நான் நாசரேத்துக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மாவும் வாத்தியார். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் பேசமாட்டார்கள். அதிகபட்சம் ஜெபத்தில் ஒருவரையொருவர் குத்திக்காட்டுவார்கள். நர்சிங் முடித்து, மில்லர்புரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ரோட்டில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு மனுஷி இன்னொருவரை அடித்துவிட்டு, அதை ஒளிக்காமல், கையோடு வைத்தியத்துக்கும் கூட்டி வருவாள் என்பது எனக்குப் புதிது.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். எடைபோடும்போது தராசில் கைவைத்த வியாபாரி, பக்கத்து வீட்டு நாயை வெந்நீர் ஊற்றி விரட்டியவன், ஒரு தடவை அவளுடைய புருஷன். அவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வீங்கிய விரலை என்னிடம் நீட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவள் அவருக்குப் பின்னால் நின்று, "கை போயிட்டு சிஸ்டர்," என்றாள். அதுதான் அவள் எப்போதும் சொல்வது. மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அடிபட்டவர் எழுந்து போகும்வரை அவளும் போகமாட்டாள். மாத்திரை வாங்கிக்கொடுத்து, எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, ஆட்டோ ஏற்றிவிட்டுத்தான் நகருவாள். எங்கள் டாக்டர் வயசானவர். அவள் தலை தெரிந்தாலே, "ஊசி நூல எடும்மா, நம்ம ஏஜெண்டு வந்தாச்சு," என்பார்.

எல்லாவற்றையும் சிரித்துக் கடந்துவிட முடியவில்லை. ஒருநாள் மகளைக் கூட்டி வந்தாள். காலேஜ் படிக்கிற பெண். காதிலிருந்து ரத்தம். செவிப்பறை கிழிந்திருந்தது. நான் கத்திவிட்டேன்.

"இது தப்புன்னு ஒங்களுக்குத் தெரியலையா?"

"தப்புதான்."

"பெறகு எதுக்கு அடிக்கிய?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். "தெரியல சிஸ்டர். வாய் வாரதுக்கு முன்னாடி கை வந்துருது. என்னப் பெத்த அய்யாவும் அப்படித்தான். ஆனா அவரு அடிச்சிட்டு, நான் அடிக்கலன்னுருவாரு. அதுதான் எங்களுக்குத் தாங்காது. நான் அடிச்சா, யாரு அடிச்சான்னு அடிபட்டவுகளுக்குத் தெரியும்லா."

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போனவள், பிறகு ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

அம்மாவின் பிழைப்பு சேற்றில். கடல் உள்வாங்கும்போது ஓடை கடலில் சேருகிற வாய்க்கு இரண்டு பக்கமும் ஒரு பெரிய சேற்றுவெளி வெளியே வரும். பெண்கள் இரும்புக் கம்பியும் வாளியுமாக இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள், நண்டு பிடிப்பார்கள், இறால் பண்ணைகளுக்குத் தீனியாகப் போகிற சேற்றுப்புழுவைத் தோண்டுவார்கள். தண்ணீர் திரும்பி ஏறும்போது கரைக்கு வந்துவிடுவார்கள். ஓடைக்கு வடக்கே ஒரு ஊர், தெற்கே ஒரு ஊர். இரண்டுக்கும் தனித்தனிச் சேறு. அவள் பிறந்தது வடக்கூர், வாழ்க்கைப்பட்டது தெக்கூர். வடக்கூரில் அவளுடைய அண்ணன் குடும்பம் இருந்தது. அண்ணன் பெண்டாட்டி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததே இவள்தான். மதினி நெடுநெடுவென்று இருப்பாள். மாதா கோயிலில் பாட்டுக்காரி. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. இவள் கையை நீட்டினால், மதினி, "ஏளா, போதும்," என்று சொல்வாள். உலகத்தில் அந்த ஒரு குரலுக்குத்தான் அந்தக் கை இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்புறம் கம்பெனி வந்தது. வடக்கூர்ச் சேற்றை மூடி, காற்றாலைச் சாமான் வைக்க யார்டு கட்டப்போகிறார்கள் என்றார்கள். லாரி லாரியாகக் கல் வந்தது. கடலுக்குள் வளைத்து ஒரு கல்கரை போட்டார்கள். ஆழக்கடலில் நின்ற கப்பலிலிருந்து ஆள் நுழைகிற அகலத்துக்கு ஒரு பைப் கிடந்து, கல்கரைக்கு உள்ளே மணலும் தண்ணீரும் கலந்து கக்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கிளினிக் வரை கேட்கும். வடக்கூர்ச் சேறு இருந்த இடம் கொஞ்ச மாதத்தில் தரையாகிவிட்டது. நண்டு வளைகள், புழுக்கள், சிப்பி மூடிய பாறைகள் எல்லாம் அடியில் போயின. இப்போது அங்கே காற்றாலை இறக்கைகள் வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன.

தெக்கூர்ச் சேறு தப்பித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதை யாரும் தொடவில்லை. ஆனால் மூடியது ஒரு பக்கம்தான், செத்தது இரண்டு பக்கமும். கல் இடுக்குகள் வழியாகக் கசிந்த கலங்கல் வெளியே வந்து தெக்கூர்ச் சேற்றின்மேல் படிந்தது. முன்பெல்லாம் ஓடை வாயில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடி அழுக்கை எல்லாம் கொண்டுபோகும். இப்போது வாய் குறுகி, ஓட்டம் செத்துவிட்டது. படிந்தது படிந்தபடியே கிடந்தது. மட்டிகள் மூச்சுமுட்டி வாய் பிளந்து நாறின. கணுக்கால் மட்டும் இறங்கிய இடத்தில் இப்போது கால் தொடைவரை இறங்கியது. பெண்கள் படுத்து ஊர்ந்து போக மரப்பலகை கொண்டுபோக ஆரம்பித்தார்கள். கால்களில் கொப்புளமும் சொறியுமாக எங்களிடம் வந்தார்கள். டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "சேத்துல எறங்காதிய," என்பார். அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு நேராகச் சேற்றுக்குப் போவார்கள்.

கெட்டியாக மிஞ்சிய தரை தெற்கு ஓரத்தில் ஒரு துண்டு. சேறு இழந்த வடக்கூர்ப் பெண்களும் அங்கேதான் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? அங்கே தொடங்கியது சண்டை. முதலில் வாளியைத் தட்டிவிடுவது, பிறகு முடியைப் பிடிப்பது, பிறகு கம்பி. எங்கள் பெஞ்சில் வடக்கூரும் தெக்கூரும் பக்கத்துப் பக்கத்தில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். ஒருத்தி தலையில் நான் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தி அவள்மேல் காறித் துப்பினாள். இரண்டு பேரும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். இவளோ அந்த நாட்களில் தெக்கூர்க் கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். தன் பிறந்த ஊர்ப் பெண்களை, கூட விளையாடியவர்களை, அடித்து ஓடவிட்டாள். அடிபட்டவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டியும் வந்தாள். "கை போயிட்டு," என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். முகம் கல்லாக இருந்தது.

மதினியை அவள் தூக்கி வந்த நாளை நான் மறக்கவில்லை. முதுகில் போட்டு, இடுப்புவரை சேறு அப்பி, ரோட்டில் ஓடி வந்தாள். மதினியின் தலை அவள் தோளில் கிடந்தது. வலது கண் இருந்த இடத்தில் ரத்தமும் சேறும்தான் இருந்தன. கூட்டமாகச் சண்டை நடந்திருக்கிறது. மதினி விலக்க வந்திருக்கிறாள். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று இவள் கம்பியோடு திரும்பிச் சுழற்றியிருக்கிறாள். "ஏளா" என்ற சொல் வருவதற்குள் கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்களால் கட்டு மட்டும்தான் போட முடிந்தது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நானும் கூடப் போனேன். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ்காரர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோது மதினி, "சிப்பிப் பாறையில வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள். அண்ணனும் தலையாட்டினார். ஊர் பேசி வைத்திருந்தது அது. போலீஸ்காரருக்கும் அது வசதியாக இருந்தது.

கதவோரம் நின்றவள் முன்னால் வந்தாள். "பொய் சொல்லாத மதினி. ஐயா, அடிச்சது நாந்தான்."

"வாய மூடு," என்றாள் மதினி.

"எதுக்கு மூடணும்? யாரு அடிச்சான்னே இல்லாம ஒரு கண்ணு போவுமா? நாந்தான் ஐயா. எழுதிக்கிடுங்க."

அவளைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. மதினி அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கட்டுப் பிரிக்க வந்தபோது மதினியே ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "கண்ணு போனதுகூடப் போட்டும் சிஸ்டர். அவளுக்காவ நான் ஒரு பொய் சொன்னேன். பொறந்து வளந்து நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அத எல்லார் முன்னாடியும் ஒடச்சிப் போட்டா. நான் எங்க மூஞ்சிய வைக்க?"

ஜாமீனில் வந்தவள் ஒருநாள் காலையில் தனியாகக் கல்கரைமேல் ஏறிப் போனாள். அதைப் பார்த்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். அவள் கையில் ஒன்றும் இல்லை. கல் இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம், "இத மூடச் சொன்னது யாருடே?" என்று கேட்டிருக்கிறாள்.

"நான் லோடு அடிக்கவன் அக்கா. சூப்பர்வைசர்ட்ட கேளுங்க."

சூப்பர்வைசர், "நாங்க சப் காண்ட்ராக்ட்டு," என்றான். அவன் காட்டிய எஞ்சினியர் பையன், "டிராயிங் சென்னையிலேர்ந்து வருது, எனக்குத் தெரியாதும்மா," என்றான். அவன் முன்னால் அவள் கையை ஓங்கியிருக்கிறாள். ஓங்கிய கை அப்படியே நின்று, இறங்கியிருக்கிறது. "அவன் மூஞ்சியப் பாத்தேன். வெயில்ல வெந்துபோயி நிக்கான். அவனும் இல்ல சிஸ்டர். யாரு கன்னத்துல நான் அடிக்க?" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அதற்குள் செக்யூரிட்டிகள் வந்துவிட்டார்கள். தடியால் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது, விலாவில் இரண்டு எலும்பு விரிசல். தெக்கூர்ப் பெண்கள் தூக்கி வந்தார்கள். நான் அவள் சட்டையைக் கத்தரித்து எடுக்கும்போது அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரத் தேடுதிய?" என்று கேட்டேன்.

"அடிச்சவன்ல ஒருத்தன்கூட வரலியே," என்றாள்.

வழுக்கி விழுந்ததாகத்தான் கம்பெனி சொன்னது. போலீஸ் கேஸ் எடுக்கவில்லை. டாக்டர் மட்டும் தன் சீட்டில் 'தடியால் தாக்கப்பட்ட காயம்' என்று எழுதி, கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையோடு அவள் மறுபடியும் சேற்றுக்குப் போனாள். யாரையும் அடிக்கவில்லை. அடிக்கும் அளவுக்கு அங்கே எதுவும் மிஞ்சவும் இல்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே துண்டில், ஒருவரையொருவர் பார்க்காமல், கிடைத்த நாலு புழுவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மதினியும் ஒற்றைக் கண்ணோடு வருவாள். இவள் ஒரு ஓரம், அவள் மறு ஓரம்.

அப்படி ஒரு பிற்பகலில் பைப் வேலை செய்கிற வடநாட்டு ஆள் ஒருவன், கல்கரைக்கு வெளிப்பக்கம் ஏதோ இணைப்பைச் சரிபார்க்க இறங்கினான். தரை என்று நினைத்து நாலு எட்டு வைத்தான். நாலாவது எட்டில் இடுப்புவரை போய்விட்டான். அசைய அசைய இன்னும் இறங்கினான். தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கியிருந்தது. கரைமேல் நின்ற கம்பெனி ஆட்கள் கத்தினார்கள், கயிறு தேடினார்கள், போன் பேசினார்கள். ஜேசிபி இறக்கினால் ஜேசிபியும் போய்விடும். படகு வரத் தண்ணீர் போதாது. தண்ணீர் போதுமான அளவு வரும்போது அவன் இருக்கமாட்டான்.

அவள் பலகையை எடுத்தாள்.

"போவாத," என்று பெண்கள் தடுத்தார்கள். "ஒன் கைய ஒடச்ச கூட்டம்லா அது. அவனுவளே வந்து எடுக்கட்டும்."

அவள் பலகைமேல் குப்புறப் படுத்து, இடது கையால் துழாவித் துழாவிப் போனாள். அவன் பக்கத்தில் போனதும் அவன் அவள் கழுத்தைக் கட்டிப்பிடித்துவிட்டான். பயந்தவன் பிடி. அவள் முகம் சேற்றுக்குள் போயிற்று. பலகை நழுவிற்று. ஒருதடவை தலையைத் தூக்கி மூச்செடுத்தாள், மறுபடியும் அமுக்கிவிட்டான். இரண்டாவது தடவை எழும்பியபோது இடது கையை மடக்கி அவன் மூக்கில் ஓங்கிக் குத்தினாள். விடவில்லை. இன்னொரு தடவை. எலும்பு நொறுங்கிய சத்தம் கரைவரை கேட்டதாம். அவன் பிடி தளர்ந்து பின்னால் சாய்ந்தான்.

"சீலையக் கொண்டாங்க," என்று அவள் கத்தினாள்.

முதலில் சேலையை அவிழ்த்தது மதினி. மற்றவர்களும் அவிழ்த்தார்கள். முடிச்சுப்போட்டு, கல்கரைக்கு ஓடி ஏறி வீசினார்கள். அவள் அதை அவன் அக்குளுக்குள் விட்டுக் கட்டினாள். பாவாடையும் மேல்சட்டையுமாக நின்ற இரண்டு ஊர்ப் பெண்களும் கல்கரையில் காலை ஊன்றி இழுத்தார்கள். சேறு அவனை விடும்போது அவன் தோள் மூட்டு கழன்றுவிட்டது. அவனைப் போட்டுவிட்டு அவளை இழுத்தபோது தண்ணீர் அவள் தாடைவரை வந்திருந்தது.

இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சேற்றுப் பொம்மைகள் மாதிரி இருந்தார்கள். நான் குழாயைத் திறந்து கழுவக் கழுவத்தான் எது யார் என்று தெரிந்தது. அவள் மூச்சிறைத்துக்கொண்டே சொன்னாள்: "மூக்க ஒடச்சது நாந்தான் சிஸ்டர். தோளு எப்படிப் போச்சுன்னு தெரியல."

டாக்டர் தோளைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி ஆட்கள் எஸ்.ஐயோடு வந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்கள் தொழிலாளியைத் தாக்கிவிட்டார்கள் என்று புகார் தயாராக இருந்தது. ஆள் சேற்றில் போனது வெளியே வந்தால் அவர்களுக்குச் சிக்கல். ஆளை அடித்தார்கள் என்றால் சிக்கல் வேறு பக்கம் போய்விடும். அடிபட்டவனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்காகக் காண்ட்ராக்டர் ஆள்தான் பேசினான்.

பெண்கள் சொன்னதை நான் சொன்னேன். டாக்டரும் சொன்னார். எஸ்.ஐ பொறுமையாகவே கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ ஜாமீன்ல இருக்கவ. தெரியும்லா?"

"தெரியும்."

"இவன நீ அடிச்சியா இல்லையா?"

நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

"அடிச்சேன்," என்றாள். "ரெண்டு குத்து."

எஸ்.ஐ பெருமூச்சு விட்டார். "ஏறு வண்டியில."

அந்த வழக்கு பிறகு நிற்கவில்லை. அந்த வடநாட்டு ஆள் வேலையை விட்டுவிட்டு, கோணல் மூக்கோடு கோர்ட்டுக்கு வந்து நின்று, மொழிபெயர்க்க ஒருவரை வைத்து நடந்ததைச் சொன்னான். ஆனால் அதெல்லாம் வெகுநாள் கழித்து. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. கட்டிலில் கிடந்தவன் விஷயம் புரிந்து எழுந்திருக்கப் பார்த்தான். காண்ட்ராக்டர் ஆள் அவன் நெஞ்சில் கைவைத்துப் படுக்கவைத்தான்.

அவள் நனைந்த துணியோடு போய் ஜீப்பின் பின்பக்கம் ஏறி, நடுவில் உட்கார்ந்தாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை. பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். மதினி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். யாரோ கொடுத்த துண்டை மார்பில் போட்டிருந்தாள். உள்ளங்கைகள் இரண்டும் சேலை இழுத்து உரிந்துபோயிருந்தன. ஜீப் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"நீ எதுக்கும்மா ஏறுத?" என்றார் எஸ்.ஐ.

"இவ கம்பியச் சுத்துனதயும் பாத்தேன். இன்னைக்கு அடிச்சதயும் பாத்தேன். ரெண்டையும் நான் சொல்லணும்," என்றாள் மதினி.

மதினி குனிந்து உள்ளே நுழைந்தாள். இருந்த ஒரு கண்ணால் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தள்ளி உக்காருளா," என்றாள்.